ஒக்கிள்பி துரையின் கக்கூஸ்

கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் அங்கே போய் பூவையும் மரத்தையும் தேடக்கூடாது. ஒரு நகைக்கடைக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு சந்து இருக்கும். அதற்குள் போனால் பலகையும் தகரமும் சீமெந்துமாக, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு வீடுகள் நிற்கும். அதுதான் தோட்டம். ராக்கம்மா குடியிருந்ததற்கு ஆணிக்காரத் தோட்டம் என்று பெயர். அந்த ஆணிக்காரன் யார், எதில் ஆணி அடித்தான் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ராக்கம்மா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஒரு தோட்டத்தில் பிறந்து இன்னொரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இரண்டிலும் ஒரு செடிகூடச் சொந்தமில்லை.

புருஷன் இருளப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். வீட்டில் அதிகம் வாய் திறக்கமாட்டான், திறக்க அங்கே இடமும் இல்லை. ராக்கம்மா விடியற்காலையில் இடியாப்பம் அவித்து, கொச்சிக்கடைவரை உள்ள சாப்பாட்டுக் கடைகளுக்குத் தட்டுத் தட்டாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். இருந்த ஒற்றை அறையில் பாதியை இடியாப்ப உரலும் தட்டுகளும் பிடித்துக்கொண்டன. மீதியில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

தோட்டத்தின் கடைசியில், மதிலோரமாக, பொதுக் கக்கூஸ் இருந்தது. சிவப்புச் செங்கல், வளைவான சன்னல், உயர்ந்த கூரை, தடித்த தேக்குக் கதவுகள். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கூலிகளுக்காகக் கட்டியதாக இருக்க வேண்டும். மழைக்கு ஒழுகாத கட்டடம் தோட்டத்திலேயே அது ஒன்றுதான். தலைக்கு மேலே சுவரில் ஓர் இரும்புத் தண்ணீர்த்தொட்டி தொங்கியது. சங்கிலி அறுந்து தலைமுறைகள் ஆகிவிட்டதால் எல்லோரும் வாளியோடுதான் போவார்கள். காலையில் அங்கே நிற்கும் வரிசையில்தான் சண்டைகள் தொடங்கின, சில கலியாணங்களும் அங்கேதான் பேசி முடிந்தன.

ஒரு திங்கட்கிழமை சட்டைப்பையில் பேனாக்கள் குத்திய ஓர் ஐயா ஆட்களோடு வந்து, அந்தச் செங்கல் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். நகரத்தை அழகாக்குவதற்கென்று புதிதாக முளைத்த செயலணி ஒன்றின் அதிகாரி அவர். மதிலுக்கு அந்தப் பக்கம் வானத்தைக் குத்திக்கொண்டு எழும்பும் அடுக்குமாடிக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லையாம். அதனால் கக்கூஸை உடைக்கப் போகிறார்களாம்.

தோட்டத்துக்குத் தலைவர் என்று தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் ஜொனாதன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் போய் அதிகாரியிடம் பேசிவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"வீடுகள்ல கை வைக்கமாட்டாங்களாம். கக்கூஸ் மட்டுந்தானாம்" என்றார்.

"அய்யோ என் ராசா!" ராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வீட்ட ஒடைச்சா நாம சண்டைக்கு நிப்போம், டீவிக்காரன் வருவான். கக்கூஸ ஒடைச்சா எவன் வருவான்? ஒரு வாரத்துல நாமளே மூட்டைய கட்டிக்கிட்டு, எந்தப் பொந்துக்கு அனுப்புறானோ அந்தப் பொந்துக்கு ஓடுவோம். வயித்துல அடிக்கல அண்ணே, அதுக்குக் கீழ அடிக்கிறான்."

அதற்குப் பிறகுதான் ஜொனாதனுக்கே விஷயம் விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை ராக்கம்மா வெறும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, வீதியில் தொப்பி போட்ட கூட்டம் ஒன்று நின்றது. மரபு நடை. மாதம் ஒரு தடவை வந்து பழைய கட்டடங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள். நடத்திக்கொண்டு வந்தவள் சாம்பவி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள், வெள்ளவத்தைக்காரி. காதில் பெரிய தோடும் காலில் வெள்ளைச் சப்பாத்துமாக, இடிந்துபோன சரக்குக் கிட்டங்கிச் சுவர் ஒன்றைப் பசுமாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். முதலில் ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள்.

"ஒல்லாந்தற்ர காலத்துச் சுவர். இதில ஒருத்தரும் கை வைக்க ஏலாது. சட்டம் இருக்கு."

சுவரில் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. அதன் அடியில் ஒரு நாய் காலைத் தூக்கியது. சட்டம் அதைத் தடுக்கவில்லை. ராக்கம்மா தட்டுகளை இறக்கி வைத்தாள்.

"மிஸ், செத்துப்போன வெள்ளைக்காரன் கட்டினதுன்னா ஒடைக்க மாட்டாங்களா?"

"பழசா இருக்கவேணும், ஒரு வரலாறும் இருக்கவேணும். ஏனக்கா கேக்கிறீங்கள்?"

"அப்ப உள்ளுக்கு வாங்க. ஒங்களுக்கு ஒன்னு காட்டணும்."

தொப்பிக் கூட்டம் ஒருக்களித்து ஒருக்களித்துச் சந்துக்குள் நுழைந்தது. கடைசியில் வந்து நின்றபோது, சரியாக அந்த நேரத்தில், ஜொனாதன் வாளியும் கையுமாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நாலைந்து பேர் படம் எடுத்தார்கள்.

சாம்பவி அந்த வளைவுகளை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே எட்டி, இரும்புத் தொட்டியில் புடைத்துக்கொண்டிருந்த ஆங்கில எழுத்துகளை வாசித்தாள். "ஒக்கிள்பி!"

ராக்கம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் காதில் விழுந்த பெயரைக் கீழே விடுகிறவள் அல்ல அவள்.

"ஆமா மிஸ். ஒக்கிள்பி தொரை கட்டின கக்கூஸ்."

"ஆர் அவர்?"

"ஹார்பர்ல பெரிய தொரை. ஒரு நாளு கொச்சிக்கடைப் பக்கம் எவனோ நண்டுக் கறி குடுத்திருக்கான். தொரை ருசி பார்த்துட்டு சட்டியையே வழிச்சிட்டாரு. கொஞ்ச நேரத்துல வயிறு கலக்கிருச்சு. குதிரைமேல ஒக்காந்திருக்காரு, எறங்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது. சுத்தி கூலிக்காரங்க குடியிருந்த லயம். அந்தக் காலத்துல கூலிக்காரனுக்கு எங்க கக்கூஸ்? அப்ப தொரை கொச்சிக்கடை அந்தோனியார நெனச்சி நேத்தி வச்சாராம். சாமி, கால்சட்டைய காப்பாத்திக் குடு, இதே எடத்துல ஏழை சனத்துக்கு ராசா கணக்கா கக்கூஸ் கட்டிக் குடுக்கிறேன்னு."

ஜொனாதன் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார். "ராக்கம்மா! புனிதரை இதுக்குள்ள இழுக்காத!"

"நான் இழுக்கலண்ணே, தொரைதான் இழுத்தாரு."

சாம்பவி கைப்பேசியை நீட்டி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தாள். அவள் கண் பளபளத்தது. "எந்த வருசம் எண்டு தெரியுமோ அக்கா?"

"வருசத்த யாரு மிஸ் பாத்தா? தொரை அவசரத்துல இருந்தாரு."

"கக்கூஸ் எண்ட சொல்லே ஒல்லாந்தச் சொல்லுதான், தெரியுமோ?" என்றாள் சாம்பவி. "அக்கா, என்ர ஆய்வே வெளியைப் பற்றினதுதான். ஆதிக்கத்தின்ர வெளி, மக்களின்ர வெளி…"

"நம்ம பிரச்சினையும் அதான் மிஸ், வெளிக்குப் போறது" என்றாள் ராக்கம்மா. "இவனுங்க ஒடைச்சிட்டா நாங்க எங்க போவோம்?"

அடுத்த வாரம் ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. ஆட்டோ ஓட்டும் ஷாமில், பக்கத்து வீட்டுக்காரன், அதைச் சந்தியில் நின்று எல்லோருக்கும் வாசித்து மொழிபெயர்த்தான். துரை, நண்டு, புனிதர், கூலி மக்கள் என்று எல்லாம் இருந்தன. தொட்டியில் தன் பெயரையே வார்ப்பித்து வைத்த கொடையாளி என்றும் எழுதியிருந்தது. ராக்கம்மா தனக்குத் தெரியாத பல விஷயங்களை அதில் தெரிந்துகொண்டாள். துரைக்கு மீசை இருந்ததாம்.

தலைநகர் மரபுக் காவலர் சங்கம் என்ற பெரிய மனிதர்களின் சங்கம் களத்தில் இறங்கியது. யாரோ யாருக்கோ தொலைபேசி எடுத்தார்கள். செயலணி ஐயா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து, தான் போட்ட பெருக்கல் குறியைத் தானே நின்று அழிப்பித்தார். ஆணிக்காரத் தோட்டத்தில் அன்று பட்டாசு வெடித்தது. சைவம், வேதம், இஸ்லாம் என்று பாராமல் எல்லாரும் ராக்கம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "சும்மா சொல்லப்படாது அக்கா, ஒங்கட வாயில ஒரு பட்டாளமே ஈக்கிது" என்றான் ஷாமில்.

அந்தச் சந்தோசம் இரண்டு கிழமைகூடத் தாங்கவில்லை.

மரபுக் காவலர்கள் ஒரு லொறியோடு வந்தார்கள். செங்கலைச் சுரண்டிக் கழுவினார்கள். தேக்குக் கதவுக்கு எண்ணெய் பூசினார்கள். பீங்கானைப் பல் விளக்குவதுபோலத் தூரிகையால் விளக்கினார்கள். பெண்கள் வேடிக்கை பார்த்தபடி, பரவாயில்லையே, நம் வீட்டைவிடச் சுத்தமாக இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு முன்னால் ஓர் இரும்புக் கேற்றைப் பொருத்தி, பூட்டைப் போட்டு, மூன்று மொழியில் பலகையும் நட்டார்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் என்ன இருந்ததோ, தமிழில் 'ஒக்கில்பீ துறையின் கழிவரை. பாவித்தல் தடை' என்று இருந்தது. முதல் மூன்று சொல்லிலும் எழுத்துப் பிழை இருந்தும் தடையை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

"அப்ப நாங்க எங்க போறது?" என்று ராக்கம்மா கேட்டாள்.

"பிளாஸ்டிக் கக்கூஸ் வரும்" என்றார் சங்கத்தின் தலைவர்.

வரவில்லை. பள்ளிவாசலில் ஆண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். கோயிலில் இரண்டு நாள் பொறுத்தார்கள், மூன்றாம் நாள் கக்கூஸ் பூட்டின் திறப்பு காணாமல் போனது. ஷாமில் காலையில் பெண்களை ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் கடைத்தொகுதிக்கும் அலைந்தான். நேற்றுக் கையைக் குலுக்கியவர்கள் இன்று ராக்கம்மாவின் வாசலில் நின்று அவள் பரம்பரையையே திட்டினார்கள். "செயலணிக்காரன் ஒடைக்கத்தான் வந்தான். இவ பூட்டவே வச்சிட்டா" என்றாள் ஒருத்தி.  ராக்கம்மாவும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இடியாப்பம் பிழிந்தாள்.

ஒரு மத்தியானம் ஷாமிலின் ஆட்டோவில் ஏறி வெள்ளவத்தைக்குப் போனாள். சாம்பவியின் வீடு கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியின் உச்சியில் இருந்தது. மண்டபத்துக் கண்ணாடிக்கு வெளியே கடல் முழுவதும் அந்த வீட்டுக்காரருடையது மாதிரிக் கிடந்தது. சாம்பவி ஓடி வந்து கையைப் பிடித்து, சோபாவில் உட்கார வைத்தாள். அவளுடைய அம்மா, நெற்றியில் திருநீற்றோடு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"மிஸ், நான் சொன்னது பூரா பொய்" என்றாள் ராக்கம்மா. "தொரையும் இல்ல, நண்டும் இல்ல. அந்த தொட்டியில இருந்த பேர நீங்க வாசிச்சீங்க, நான் புடிச்சிக்கிட்டேன். கக்கூஸ காப்பாத்தத்தான் சொன்னேன். தயவு செஞ்சி அந்த இரும்பு கேட்ட தொறக்கச் சொல்லுங்க."

சாம்பவி ஆதரவாகச் சிரித்தாள். "அக்கா, வாய்மொழி வரலாறு சொல்லுற ஆக்கள் இப்பிடித்தான் பயப்பிடுவினம். நாங்கள் படிக்காதனாங்கள், எங்கட கதை பொய்யாத்தான் இருக்கும் எண்டு. உங்கட மரபின்ர பெறுமதி உங்களுக்கே தெரியேல்லை. அதைத்தான் ஆதிக்கம் எண்டு சொல்லுறது."

"இல்ல மிஸ், நெசமாவே நான் அவிச்ச கதை."

"அப்பிடித்தான் உங்களை நினைக்க வைச்சிருக்கினம்."

தன் பொய்யைத் தன்னிடமிருந்தே பறித்துக்கொள்ளும் ஒருத்தியை ராக்கம்மா வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள். பேசிப் பிரயோசனமில்லை. அதற்குள் வேறோர் அவசரமும் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்தாள். "மிஸ், ஒங்க கக்கூஸுக்கு கொஞ்சம் போகணும்."

சாம்பவி நடையில் இருந்த வெள்ளைக் கதவைக் காட்டக் கையை எடுத்தாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார். குரல் மெத்தென்று, நல்லெண்ணெய் தடவியதுபோல இருந்தது.

"பிள்ளை, அது வேண்டாம். உங்களுக்குப் பின்பக்கத்தில இருக்கு. குசினியால போய், உடுப்புக் காயப்போடுற இடம்."

தூக்கிய கையைச் சாம்பவி என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், ராக்கம்மாவைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள். 

ராக்கம்மா அந்த வெள்ளைக் கதவை ஒரு கணம் பார்த்தாள். "இதும் தொரை கட்டினதா மிஸ்? பாதுகாக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.  கொட்டாஞ்சேனைவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷாமில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

சங்கம் கேற்றைத் திறக்கவில்லை, திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தது. கட்டுரையை இணையத்தில் படித்துவிட்டு இங்கிலாந்திலிருந்து ஒக்கிள்பி என்று ஓர் அம்மா எழுதியிருந்தாராம். இலங்கைக்குச் சுற்றுலா வருகிறாராம், தங்கள் குடும்பப் பெயரைப் பார்க்க ஆசையாம். துரையின் வம்சாவளியே வருகிறது என்று சங்கம் குதித்தது. துரை என்று ஒருவர் இல்லாதபோது அவருக்குப் பேத்தி எப்படி வந்தாள் என்று ராக்கம்மாவுக்குத் தலை சுற்றியது. ஒருவேளை உண்மையாகவே இருந்திருப்பாரோ என்றுகூட ஒரு நாள் முழுக்க யோசித்தாள்.

விழாவன்று சந்தில் தோரணம் கட்டினார்கள். குத்துவிளக்கு வந்தது. கண்டிய நடனக்காரர் இரண்டு பேர் இடப்பற்றாக்குறையால் ஒருவர் பின் ஒருவராக ஆடினார்கள். ஒக்கிள்பி அம்மா அரைக்காற்சட்டையும், வெயிலில் தக்காளியாகச் சிவந்த மூக்குமாக வந்து, விளக்கைத் தாண்டி நேரே உள்ளே போய், தொட்டியைக் கண்டதும் கைதட்டிச் சிரித்தார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தார். சாம்பவி பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"எங்கட கொள்ளுத் தாத்தா மிகவும் நல்ல மனிசன்… அவர் தன்ர ஊரை விட்டு… ஒருநாளும்…" சாம்பவி நிறுத்தினாள்.

"சொல்லுங்க மிஸ்!" என்றது கூட்டம்.

"…ஒருநாளும் வெளிய போகேல்லையாம். கடல் எண்டால் பயமாம். கக்கூஸுக்குத் தண்ணித்தொட்டி வார்க்கிற பட்டறை வைச்சிருந்தவராம். உலகம் முழுக்க வித்தவராம். இது… இது அவற்ர கொம்பனியின்ர பேராம்."

 தோட்டமே வெடித்துச் சிரித்தது. ஜொனாதன் அந்தோனியார் திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒக்கிள்பி அம்மா மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், தானும் சேர்ந்து சிரித்து, இது இப்போதும் வேலை செய்கிறதா என்று கேட்டார். பூட்டிவிட்டார்கள் என்று ஷாமில் ஆங்கிலத்தில் சொன்னான். கக்கூஸை எதற்குப் பூட்டுவார்கள் என்று அவர் கேட்டதும் சங்கத்துக்காரர்கள் குனிந்து குத்துவிளக்குத் திரியைச் சரிசெய்தார்கள். சாம்பவி ஒலிவாங்கியை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பாராமல் வெளியேறினாள். பின்வரிசையில் நின்ற செயலணி ஐயா மட்டும், விழா முடிவதற்குள்ளேயே கைப்பேசியை எடுத்து எண்களைத் தட்டினார்.

மறுநாள் சங்கம் லொறியோடு வந்து, கேற் தங்கள் சொத்து என்று கழற்றிக்கொண்டு போனது. பலகையை மட்டும் வெட்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத்துக்குக் கக்கூஸ் திரும்பக் கிடைத்தது, ஆனால் நிம்மதி ஒரு நாள்தான். அடுத்த நாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கம் பெக்கோ இயந்திரம் வந்து நின்றது. மஞ்சள் நிறத்தில், நீண்ட இரும்புக் கையோடு. அது நுழைய மதிலையே இடித்து வழி செய்திருந்தார்கள். செயலணி ஐயா சப்பாத்தில் சேறு படாமல் செங்கல்மேல் ஏறி நின்றார்.

"அரை மணித்தியாலம் தாறேன். எல்லாரும் விலகுங்க."

ஆண்கள் கத்தினார்கள். ஜொனாதன் சட்டத்தைப் பற்றி ஏதோ பேசினார். ராக்கம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போய், முதல் கதவுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அடுத்த கதவுக்குள் ஷாமிலின் மனைவி போனாள். மற்ற இரண்டிலும் இன்னும் இரண்டு பெண்கள். மீதிப் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள்.

உள்ளே யார் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டு ஐயா கதவைத் தட்டினார். "கவுத அத்துலே?"

"கெனெக் இன்னவா!" என்று ராக்கம்மா உள்ளேயிருந்து கத்தினாள். பிறகு தமிழிலும் சொன்னாள். "ஆள் இருக்கு!"

அடுத்த கதவைத் தட்டினார். "ஆள் இருக்கு!" நான்கு கதவிலும் ஆள் இருந்தது. பெண்கள் இருக்கும் கக்கூஸ் கதவை எந்த அதிகாரியால் உடைக்க முடியும்? ஒருத்தி வெளியே வந்தால் அடுத்தவள் உள்ளே போனாள். அரை மணித்தியாலம் போய், ஒரு மணித்தியாலம் போய், வெயில் உச்சிக்கு வந்தது. ஐயா கையால் விசிறிக்கொண்டார். பெக்கோ ஓட்டுபவன் தன் ஆசனத்திலேயே உட்கார்ந்து கால் மாற்றிக் கால் மாற்றிப் போட்டான்.

மத்தியானத்துக்குக் கிட்ட, வரிசையின் கடைசியில் சாம்பவி வந்து நின்றதை, முறை மாறி வெளியே நின்ற ராக்கம்மா கண்டாள். தோடில்லை. கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"அக்கா, நான் சொன்னது எல்லாம் பிழை" என்றாள் சாம்பவி. "அண்டைக்கு வீட்டில நான் வாய் திறக்காமல் நிண்டதும் பிழை."

ராக்கம்மாவுக்கு நாக்கின் நுனிவரை ஒரு பதில் வந்தது. நல்ல காரமான பதில். சாம்பவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினாள்.

"அதெல்லாம் பொறகு பாத்துக்கலாம் மிஸ். வாளி கொண்டாந்தீங்களா?"

"இல்லை."

"கக்கூஸுக்கு யாரு மிஸ் வெறுங்கையோட வருவா?" தன் வாளியை நீட்டினாள். "போங்க. மூணாவது கதவு. கால் பாத்து வைங்க, வழுக்கும்."

சாம்பவி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஐயா மறுபடியும் தட்டத் தொடங்கினார். மூன்றாவது கதவைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார். உள்ளேயிருந்து முதலில் ஒரு நடுங்கிய "ஆள் இருக்கு" வந்தது. அவர் திரும்பவும் தட்டினார். அடுத்ததாக வந்தது ஒரு சத்தம், வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்ற முழு ஆங்கிலத்தில், கட்டடமே அதிர:

"ஒக்கியுபைட்!"

ஐயா தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கி, "சொறி மேடம்" என்று சொல்லி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். உள்ளே இருப்பது எந்தப் பெரிய இடத்து ஆளோ என்று அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. தள்ளிப் போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அங்கிருந்தும் சரியான பதில் வரவில்லைபோல. வியர்வையைத் துடைத்துத் துடைத்து மறுபடி எடுத்தார்.

அந்த நேரத்தில் பெக்கோ ஓட்டுபவன் மெல்ல இறங்கினான். குருநாகல் பக்கத்து ஆள், மெலிந்தவன், விடியலிலிருந்து அந்த இரும்புக்குள் உட்கார்ந்திருந்தவன். ராக்கம்மாவின் முன்னால் வந்து, தலையைச் சொறிந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அக்கே… பொட்டக் யன்ன புளுவன்த?"

கொஞ்சம் உள்ளே போய்வரலாமா என்கிறான். வரிசை முழுவதும் அவனைப் பார்த்தது. ஷாமில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ராக்கம்மா அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். முகம் வெளிறி, முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தக் கோலம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டோவில் வெள்ளவத்தையிலிருந்து வந்த கோலம்.

"நாலாவது கதவத் தொறங்கடி!" என்று சத்தம் போட்டாள். "பாவம், புள்ளைக்கு அவசரம். யண்ட மல்லி, யண்ட, போ தம்பி."

உள்ளே இருந்தவள் வந்தாள். அவன் வாளியை வாங்கிக்கொண்டு ஓடினான். ஐயா ஓடி வந்து பெக்கோவின் வெறும் ஆசனத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், "டேய்!" என்று தட்டினார்.

"கெனெக் இன்னவா சேர்!" என்றது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல்.

அவன் வெளியே வந்தபோது ஆளே மாறியிருந்தான். கை கழுவினான். வாளியைக் கழுவி, நிரப்பி, வாசலில் வைத்தான். பிறகு ஐயாவிடம் போய், சிங்களத்தில் அடக்கமாக, இன்றைக்கு முடியாது என்றான். ஏன் முடியாது என்று ஐயா கத்தினார். இப்போதுதானே சேர் போய் வந்தேன், போன இடத்தையே எப்படி உடைக்கிறது, கை வராது என்றான். ஐயா என்னென்னவோ சொன்னார். அவன் பெக்கோவில் ஏறி, உடைந்த மதில் வழியாகவே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போனான். ஐயா செங்கல்மேல் தனியாக நின்றார், சேறு கடைசியில் சப்பாத்தில் ஏறிவிட்டது.

நாளைக்கு வேறொரு ஓட்டுனர் வரலாம். வேறு ஐயாவும் வரலாம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் யாரும் அதைப் பேசவில்லை. சாம்பவி நனைந்த சப்பாத்தோடு வெளியே வந்தபோது பெண்கள் கைதட்டினார்கள். ஷாமிலின் மனைவி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். நாளைக் காலை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சாம்பவி கேட்டாள். விடிய முன்னமே வரிசை தொடங்கும், பிந்தினால் உள்ளே விடமாட்டோம் என்றார் ஜொனாதன், தலைவர் தோரணையில்.

எல்லாரும் ராக்கம்மாவைத் தேடினார்கள். அவளைக் காணவில்லை. காலையிலிருந்து அந்தக் கதவுகளுக்குள் நாலைந்து தடவை போய் வந்திருந்தாள், ஒரு தடவைகூடத் தனக்காகப் போகவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதல் கதவுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டு உட்கார்ந்தாள். வளைவான சன்னலால் வெயில் உள்ளே விழுந்தது. வெளியே அவள் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், தேடுகிறார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது. யாரோ கதவைத் தட்டினார்கள். ராக்கம்மா வாயே திறக்கவில்லை. ஆற அமர உட்கார்ந்திருந்தாள்.